எதிர்க்கடைக்காரியின் விசில்

பொறாமை என்று சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் வெட்கம் ஒன்றும் இல்லை. திருத்தணியில், மலையடிவாரத்துக் குளத்தைச் சுற்றி ஓடும் தெருவில், எங்கள் கடைக்கு நேர் எதிரே தேங்காய்க் கடை வைத்திருந்த ஒருத்தியைப் பார்த்து நான் வருஷக்கணக்கில் பொறாமைப்பட்டேன். காலையில் கடைப் பலகையை எடுக்கும்போது ஆரம்பிக்கும், பலகை போடும்வரை இருக்கும். நடுவில் சாப்பிடும்போதாவது விட்டதா என்றால் அதுவும் இல்லை. நான் தட்டை வைத்துக்கொண்டு உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் அவள் கடைதான் தெரியும்.

எங்களுடையது காவடிக் கடை. காவடி, கற்பூரம், விபூதி, பன்னீர், பித்தளை வேல் எல்லாம் வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் கல்லாவில் உட்காருவார். காவடிக்கு மயிலிறகு கட்டுவது, துணி சுற்றுவது, வருகிறவர்களிடம் விலை பேசுவது எல்லாம் நான். அவர் நல்ல மனுஷர். ஆனால் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார். நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு ஒரு குடும்பம் வந்தால், "நைனா, ஏ ஊரு?" என்று ஆரம்பித்து அவர்கள் தாத்தா காலம்வரை விசாரிப்பார். அதற்குள் நான் காவடியைக் கட்டி, கையில் கொடுத்து, காசும் வாங்கிப் போட்டிருப்பேன். இருந்தாலும் கடை அவர் பேரில்தான் இருந்தது. அது அவருடைய அப்பா வைத்த கடை.

எதிர்க்கடை அவள் பேரில் இருந்தது. கடை வைத்த இரண்டாம் வருஷமே அவள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை குட்டி கிடையாது. அவளை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கூட்டிப்போக அண்ணன்மார் வந்தார்களாம். தேங்காய் வந்து இறங்கியிருக்கிறது, விற்றுவிட்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாளாம். அந்தத் தேங்காய் இன்னும் விற்று முடியவில்லை என்று கடைத்தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். பூவும் இல்லை, பொட்டும் இல்லை, சாயம் போன ஒரு காவிநிறப் புடவை. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து மட்டும் தொங்கும். அவள் நடந்தால் அது சத்தம் போடும். எனக்கு அந்தச் சத்தமே ஆகாது.

யுத்த காலத்தில்தான் எங்கள் தெருவில் வியாபாரிகள் சங்கம் வந்தது. மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்ததால் தெருவிளக்குகள் பாதி எரியாது. குளத்தங்கரையில் குளிக்கிற பெண்களின் துணிமணி, நகை காணாமல் போனது. போதாக்குறைக்கு, பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓட்டுகிற பஸ் ஒன்று திருப்பதியிலிருந்து வந்து, தெருமுனையில் நின்று புகையைக் கக்கும். அதன் சத்தத்துக்கு ஜட்கா குதிரைகள் மிரளும். இதற்கெல்லாம் நாமே ஏதாவது செய்ய வேண்டும் என்று அரிசி மண்டிக்காரர் கடைக்காரர்களைக் கூட்டினார். அவர்தான் தலைவர். கூட்டம் அவருடைய மண்டியில்தான் நடக்கும். மத்தியானம் வெயில் ஏறி, கடைத்தெரு ஓய்ந்திருக்கும் நேரத்தில் எல்லோரும் அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொள்வார்கள். ஒரே ஒரு பெஞ்சு இருந்தது. அதன் ஓரத்தில் தேங்காய்க் கடைக்காரி உட்காருவாள்.

கடை யார் பேரில் இருக்கிறதோ அவர் உறுப்பினர். இதுதான் விதி. பெண் வரக் கூடாது என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை, பெண் வருவாள் என்றே அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். அவள் நேராக வந்து உட்கார்ந்துவிட்டாள். முதல் நாள் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இரண்டாம் கூட்டத்தில் குளத்தங்கரையில் பெண்கள் துணி மாற்றக் கீற்றுத் தடுப்பு ஒன்று கட்ட வேண்டும் என்றாள். கட்டினார்கள். திருட்டுப் பாதியாகக் குறைந்தது. அதிலிருந்து எதற்கெடுத்தாலும் "அக்கா இன்னா சொல்றாங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தக் கீற்றுத் தடுப்பை நான் அதற்கு முந்திய வருஷமே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் "ஆங், ஆங்" என்று தலையாட்டிவிட்டு மறந்துபோனார்.

சங்கத்தில் எனக்கும் ஒரு வேலை இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. மண்டிக்கு அடுத்தாற்போல் எங்கள் கடை, அதன் பின்கட்டுதான் வீடு. கூட்டம் நடக்கும் நாளில் காபி என் அடுப்பிலிருந்துதான் போகும். சர்க்கரை கிடைக்காத காலம், வெல்லம் போட்ட காபி. தட்டில் டம்ளர்களை வைத்து எடுத்துக்கொண்டு போவேன். எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அவளும் எடுத்துக்கொள்வாள், பேச்சை நிறுத்தாமல், என் முகத்தைக்கூடப் பார்க்காமல். ஆண்கள் பார்க்காதது எனக்கு உறைத்ததே இல்லை. அவள் பார்க்காததில்தான் வயிறு எரியும். காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு திரும்புகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பெஞ்சில் எனக்கும் ஓர் இடம்.

வீட்டுக்கு வந்தாலும் விடுதலை இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "எதிர்க்கடை அக்கா இன்னைக்கு ஒண்ணு சொன்னாங்க பாரு" என்று இவர் ஆரம்பிப்பார். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்குக் கிடையாது, அது எனக்குத் தெரியும். வேறு விதமான சந்தேகமாக இருந்தால் ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இதற்கு என்ன சண்டை போடுவது? குழம்பில் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுவைப்பேன். அதையும் அவர் கவனிக்கமாட்டார்.

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. ஊர் கொள்ளாத கூட்டம் வரும் நாள் அது. கட்டை வண்டியும் கூண்டு வண்டியும் ஜட்காவுமாகத் தெரு அடைத்துக்கொள்ளும். முந்திய வருஷம் எங்கள் கடைக்குப் பக்கத்துக் குளத்து முனையில் இரண்டு வண்டிகள் எதிரும் புதிருமாக வந்து சிக்கிக்கொண்டன. எந்த வண்டியும் பின்வாங்க முடியவில்லை. மாடுகள் முரண்டு பிடித்ததில் ஒரு சக்கரம் ஒரு பெண்ணின் பாதத்தில் ஏறிவிட்டது. அரை மணி முன்னால்தான் அவள் எங்கள் கடையில் காவடி வாங்கியிருந்தாள். மஞ்சள் புடவை, தோளில் நான் கட்டிக்கொடுத்த காவடி. அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது அந்தக் காவடி எங்கள் கடை வாசலில் கிடந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க எனக்குத்தான் மனசு வந்தது, வேறு யாரும் தொடவில்லை. இந்த வருஷம் அப்படி நடக்கவிடக் கூடாது என்று சங்கம் முடிவு செய்தது. எல்லா வண்டியும் குளத்தைச் சுற்றி ஒரே பக்கமாகத்தான் போக வேண்டும். எதிரே ஒன்றும் வரக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள முனைகளில் சங்கத்து ஆட்கள் நிற்பார்கள்.

இதற்காகப் பட்டணத்திலிருந்து விசில் வரவழைத்தார்கள். எல்லோருக்கும் கிடைக்கவில்லை, முக்கியமான முனைகளில் நிற்பவர்களுக்கு மட்டும்தான். அரிசி மண்டிக்காரருக்கு ஒன்று, காபி கிளப்காரருக்கு ஒன்று, இன்னொன்று அவளுக்கு. என் வீட்டுக்காரருக்குக் கிடையாது. அவர் நிற்கிற இடத்தில் பேசிக்கொண்டு நின்றுவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் அந்த விசிலைச் சாவிக்கொத்தோடு சேர்த்து முடிந்துகொண்டாள். தேங்காய் எண்ணும்போதும் நார் உரிக்கும்போதும் அது வெயிலில் பளபளத்து என் கண்ணைக் குத்தியது.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று பேச்சு வந்த அன்று நான் காபித் தட்டோடு வாசலில் நின்றேன். ஸ்டேஷன் ரோடு வந்து குளத்தில் சேரும் முனையில் வண்டி இரண்டு பக்கமும் திரும்பலாம். வலமாக, அதாவது குளம் வலது கைப்பக்கம் இருக்கும்படி போனால், எடுத்தவுடனே ஒரு மேடு. பாரம் ஏற்றிய மாடு அதில் திணறும். மழை தூறினால் குளம்பு வழுக்கும். இடமாகப் போனால் அந்த மேடு கடைசியில் இறக்கமாக வரும், மாட்டுக்குச் சுகம். "மாட்டப் பாரு, வாயில்லா ஜீவன். இடமாவே வுட்றலாம்" என்றார் காபி கிளப்காரர். எல்லோரும் சரியென்றார்கள். அவளும் தலையாட்டினாள்.

இவர்களுக்கெல்லாம் புத்தி எங்கே போயிற்று? சாதாரண நாளில் மூட்டை ஏற்றிய வண்டி எந்தப் பக்கம் போனாலும் யார் கேட்கப்போகிறார்கள்? இது காவடி ஏறிய வண்டி. விரதம் இருந்து, மஞ்சள் உடுத்தி, வீட்டு வாசலிலிருந்து முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறவர்கள் குளத்தையும் மலையையும் இடது கையில் வைத்து அப்பிரதட்சிணமாகச் சுற்றுவார்களா? சாவுக்குத்தான் அப்படிச் சுற்றுவது. எங்கள் கடையில் காவடியைத் தோளில் ஏற்றினால் அவர்கள் வலப்பக்கமாகத்தான் திரும்புவார்கள். இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கமாட்டார்கள். வலப்பக்கத்து அலமாரியில் இருந்த பன்னீர் பாட்டில்கள் உடைந்து உடைந்து, கடைசியில் நான் அலமாரியையே இடப்பக்கம் மாற்றிவைத்தேன். இவர்கள் தேங்காயும் அரிசியும் காபியும் விற்கிறவர்கள், ஏற்றி வருகிற பாரத்தைப் பற்றித்தான் யோசித்தார்கள். வண்டிக்குள் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

அன்றைக்கே இவரிடம் சொன்னேன். "ஏங்க, இடமாப் போவச் சொன்னா காவடிக்காரங்க முனையிலயே இறங்கிடுவாங்க. இல்லன்னா வண்டியத் திருப்பி வலமாத்தான் ஓட்டுவாங்க. பாதி வண்டி இப்படி, பாதி வண்டி அப்படின்னு ஆயிடும். போன வருஷத்தவிட மோசமாப் போவும்."

"சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்களே" என்றார்.

"நீங்க போயி சொல்லுங்க."

"நான் சொன்னா யாரு கேக்கறாங்க? எதிர்க்கடை அக்காவே சரின்னுட்டாங்க."

அன்று முழுக்கக் கடையில் மயிலிறகைக் கட்டுகிறேன், அவிழ்க்கிறேன், கட்டுகிறேன். கண்ணை மூடினால் அந்தப் பெண்ணின் பாதம்தான் தெரிந்தது. சொல்லக்கூடிய வாய் ஒன்று எதிர்க்கடையில் இருந்தது. அந்த வாய் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். கேட்டுவிட்டு அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். என் யோசனைக்கு அவள் பேர். இரண்டு நாள் இதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

இத்தனை வருஷத்தில் நான் அவள் கடைக்குள் போனது அதுதான் முதல் தடவை. தேங்காய் வேண்டுமென்றால்கூட இவரை அனுப்புவேன். அவள் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா, காவடிக் கடைக்காரம்மா இந்தப் பக்கம் வந்துகினு இருக்குது" என்றாள்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் வெற்றிலையை மடித்த கையோடு அப்படியே கேட்டாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இது எனக்குத் தோணலியே. எவனுக்கும் தோணல பாரு."

"அதான் சொல்ல வந்தேன். நீங்க கூட்டத்துல சொல்லுங்கக்கா." அக்கா என்ற சொல்லை வலிய வெளியே தள்ளினேன்.

"நான் இன்னாத்துக்குச் சொல்லணும்? கண்டுபுடிச்சது நீ. நீயே வந்து சொல்லு."

"என்னை யாரு உள்ள விடுவாங்க? கடை அவரு பேர்ல இருக்குது."

அவள் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள். "கடைக்காரங்க வர முடியலன்னா கடை ஆளை அனுப்பலாம். சங்கத்து விதி. அரிசி மண்டிக்காரரு ஊருக்குப் போனா அவர் மச்சான்தான் வந்து உக்காருவாரு. நாளைக்கு எனக்கு இடுப்பு வலி. நீ என் கடை ஆளா போயி என் இடத்துல உக்காரு. மேட்டுக்கு இன்னா பண்றதுன்னு கேப்பாங்க. தேங்கா மட்டை மலையாட்டம் குவிஞ்சி கெடக்குது என்கிட்ட. அத்த மேடு முழுக்கப் பரப்பிட்டா மாடு வழுக்காது. அதையும் சொல்லிடு."

அவள் கடைக்கு நான் ஆளா? வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்றுதான் வந்தது.

மறுநாள் மத்தியானம் நான் காபித் தட்டு இல்லாமல் மண்டிக்குள் போனேன். தலை வாரி, நல்ல புடவை கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு போனேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? இவர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "காபி இன்னும் ஆவலியா?" என்றார்.

"நான் தேங்காய்க் கடையிலிருந்து வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பெஞ்சு ஆடியது. ஒரு கால் குட்டை. இத்தனை நாள் இந்த ஆட்டத்திலா அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அரிசி மண்டிக்காரர் தொண்டையைக் கனைத்து, "தேங்காய்க் கடை இன்னா சொல்லுது?" என்றார். நான் சொன்னேன். வலம் என்றேன், காவடி ஏறிய வண்டி என்றேன், போன வருஷத்துப் பெண்ணின் காலைப் பற்றிச் சொன்னேன். எழுதிவைத்துப் படித்தாற்போல் வந்தது, எனக்கே ஆச்சரியமாக இருந்தது. காபி கிளப்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "முருகா, இன்னா காரியம் பண்ண இருந்தோம்" என்றார். மேடு என்ன ஆவது என்று ஒருவர் கேட்டார். மட்டை என்றேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். "அக்கா அக்காதான்யா. இடுப்பு வலியிலயும் யோசனை பண்ணி ஆளனுப்பிச்சிருக்காங்க" என்றார் அரிசி மண்டிக்காரர்.

"இல்லீங்க, வலம்னு சொன்னது நான்" என்றேன்.

"ஆமாமா, நீதான் சொன்ன. தெளிவாச் சொன்ன" என்றார் அவர் அன்பாக. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளையிடம் சொல்வதுபோல.

விஷயம் அவ்வளவுதான். நான் உட்கார்ந்தது அவள் இடம். அந்த இடத்திலிருந்து எது வந்தாலும் அது தேங்காய்க் கடை சொன்னது. அன்று இவர் வீட்டுக்கு வந்து, இலையில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, "தேங்காய்க் கடைக்காரங்க இன்னைக்கு நல்ல யோசனை சொல்லி அனுப்பினாங்க, இல்ல?" என்றார். நான் கையிலிருந்த குழம்புச் சட்டியை அப்படியே அவர் இலையில் கவிழ்த்தேன். "இன்னா, கை தவறிடுச்சா?" என்று கேட்டார்.

கிருத்திகை அன்று தூறல் போட்டது. விடிந்ததிலிருந்து வண்டிகள் வந்தபடி இருந்தன. மேடு முழுக்கத் தேங்காய் மட்டை. அவள் கடையிலிருந்து அள்ளிக்கொண்டுவந்து போட்டதில் என் கையும் உண்டு, உள்ளங்கை முழுக்க நார் கீறிய கோடுகள். மாடுகள் மட்டைமேல் குளம்பை ஊன்றி ஊன்றி ஏறின. ஒன்றுகூட வழுக்கவில்லை. ஸ்டேஷன் முனையில் அவள் நின்றாள். தலையில் முக்காடு, வாயில் விசில், ஒரு கையில் ஈர்க்குச்சி. அவள் ஊதினால் வண்டி நின்றது, கையை ஆட்டினால் வலமாகத் திரும்பியது. பம்பைச் சத்தத்திலும் அந்த விசில் தனியாகக் கேட்டது. அம்மையார்குப்பத்திலிருந்து நெசவுக்காரக் குடும்பங்கள் நாலைந்து வண்டிகளில் ஒன்றாக வந்தன. வண்டிக்குள்ளிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டு குளத்தை வலம் வந்தார்கள். எதிரே ஒரு வண்டி வரவில்லை. யாருக்கும் ஒரு நகம் பெயரவில்லை.

நான் கடைக்குள் காவடி கட்டிக்கொண்டே இதையெல்லாம் பார்த்தேன். சந்தோஷமாக இருந்ததா என்றால் இருந்தது. ஒவ்வொரு வண்டி வலமாகத் திரும்பும்போதும், அது என் வண்டி, நான் திருப்பிய வண்டி என்று நினைத்தேன். ஆனால் விசில் அவள் வாயில் இருந்தது. எரிச்சலில் ஒரு காவடிக்கு ஒரு பக்கம் மயிலிறகு அதிகமாகக் கட்டிவிட்டு, வாங்கினவரைத் திரும்பக் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

கூட்டம் வடிந்த பிறகு, சாயங்காலம், சங்கத்துத் தண்ணீர்ப் பந்தலில் எல்லோரும் கூடினார்கள். மலையிலிருந்து இறக்கிவந்த மாலை ஒன்று தட்டில் இருந்தது. அந்த வருஷம் நன்றாக உழைத்த கடைக்குச் சங்கம் அதைப் போட்டுக் குங்குமம் கொடுக்கும். அரிசி மண்டிக்காரர் எழுந்து நின்று, "இந்த வருஷம் தேங்காய்க் கடைக்குத்தான், இதுல ரெண்டாவது பேச்சு இல்ல" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். மாலையைப் போட அரிசி மண்டிக்காரரின் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள்.

மாலை மல்லிகை. தட்டில் குங்குமம். எதிரே வெறும் நெற்றியோடு அவள். விசிலைக் கொடுக்கும்போது யாருக்கும் இது தோன்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபோதும், மட்டையைச் சுமந்தபோதும் தோன்றவில்லை. அரிசி மண்டிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அது… வேற யாராவது சார்பா…" என்று இழுத்தார்.

"அன்னைக்கு என் கடை ஆளா வந்து உக்காந்தவ இருக்குறாளே" என்றாள் அவள், தேங்காய் விலை சொல்கிற அதே குரலில். "அவ வாங்கட்டும்."

"ஆங், அதான் சரி" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டார்கள். என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். மாலை கழுத்தில் விழுந்தது, ஈரமாக, கனமாக. எத்தனை நாளாக நான் கேட்டது. எல்லோரும் பார்க்க, சங்கத்து நடுவில், எனக்கு மாலை. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன், பார்த்தாயா என்று கேட்பதுபோல.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் நெற்றியை, அப்புறம் எனக்குப் பக்கத்தில் அசட்டுச் சிரிப்போடு நின்ற என் வீட்டுக்காரரை. உதடு இறுகி, தாடை முன்னால் வந்து, பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்க்காமல் இருக்க முடியாத ஒரு பார்வை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து வருஷக்கணக்கில் நான் அவளைப் பார்த்தது அதே பார்வைதான். தெருவின் அந்தப் பக்கத்திலும் ஒரு பொறாமை உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நான் இவருக்குச் சோறு போடக் கூப்பிடும்போதெல்லாம் எதிரே தேங்காய் உரிக்கிற சத்தம் ஏன் ஓங்கிக் கேட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

பந்தல் கலைந்தது. இவர் யாரிடமோ பேசப் போய்விட்டார். நான் மாலையோடு தெருவைக் கடந்தபோது அவள் கடை வாசலில் நின்றாள்.

"அந்தப் பூவ ஒரு வாட்டி குடு" என்றாள். "மோந்து பாத்துட்டுக் குடுத்துடறேன்."

கழற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டாள். நிமிரவே இல்லை. தோள் மட்டும் ஏறி இறங்கியது. தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்று நான் அவளுக்கு முன்னால் மறைத்து நின்றேன்.

நின்றவள் சும்மா நிற்கவில்லை. அவள் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்திலிருந்து விசிலை எடுத்தேன். கேட்கக்கூட இல்லை. வாயில் வைத்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினேன். ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கூண்டு வண்டி எங்களுக்கு முன்னால் சட்டென்று நின்றது. மாடுகள் காதை விறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தன. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இன்னாக்கா, காலைல ஒருத்தரு ஊதனாங்க, இப்ப நீங்க ஊதறீங்க" என்றான் வண்டிக்காரன். "மாடு யார் பேச்சக் கேக்கும்?"

அவள் மாலையிலிருந்து முகத்தை எடுத்தாள். மூக்கில் ஒரு மல்லிகை இதழ் ஒட்டியிருந்தது. "நீ போப்பா" என்று கையை ஆட்டினாள். வண்டி போயிற்று.

அவள் மாலையை நீட்டினாள். நான் விசிலை நீட்டினேன். அவரவருடையதை அவரவர் வாங்கிக்கொண்டு, அவரவர் கடைக்குப் போய் விளக்கேற்றினோம்.